ஔவை ஏன் மூதாட்டியானார்?



ஜொகூர் பாருவில் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் ஔவையாரை வரையச் சொல்லுங்கள். நரைத்த தலை, வளைந்த முதுகு, கையில் ஒரு கோல் என்றுதான் அது வரையும். ஆத்திசூடி படிக்கும் பிள்ளைக்கு ஔவை என்றால் பாட்டிதான். இந்தப் பாட்டி உருவம் எங்கிருந்து வந்தது? ஒரு திரைப்படம் அதற்கு என்ன பொருள் தந்தது? இவற்றை இன்று சிந்திப்போம்.

சங்க இலக்கியத்தில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் 33 புறநானூற்றில் உள்ளவை. அந்த ஔவை, அதியமான் நெடுமான் அஞ்சியின் நண்பர். தொண்டைமானிடம் தூது சென்றவர். நீண்ட ஆயுளைத் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அதியமான் அவருக்கு அளித்ததையும் நாம் அறிவோம். ஆனால் புறநானூற்றின் 89ஆம் பாடல் அவரை இளம் விறலியாகவே நமக்குக் காட்டுகிறது.

ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவை பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர் என்பது அறிஞர் முடிவு. ஒரே பெயரில் பலர் வாழ்ந்திருக்கின்றனர். மக்களோ அவர்களையெல்லாம் ஒருவராக்கி, காலத்தைக் கடந்த ஒரு மூதாட்டியாக்கிவிட்டார்கள். இளம்பெண் எப்படி மூதாட்டியானாள் என்பதற்கு ஒரு கதையும் பிறந்தது. திருமணத்துக்கு வற்புறுத்தப்பட்ட ஔவை, தம் இளமையை எடுத்துக்கொள்ளுமாறு பிள்ளையாரை வேண்டி முதுமையைப் பெற்றாராம்.

இந்தக் கதையைத்தான் 1953இல் ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’ திரைக்குக் கொண்டு வந்தது. எஸ்.எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். இளம் ஔவையாகக் குசலகுமாரி தோன்றினார்; முதிய ஔவையாகக் கே.பி. சுந்தராம்பாள் நடித்தார். பாரி மகளிர் கதையும், நாவல் மரத்தின் மேலிருந்து முருகன் கேட்ட கேள்வியும் ஒரே வாழ்க்கைக்குள் அடங்கின. வரலாற்று ஆசிரியர் இதைக் காலக் குழப்பம் என்பார். மக்கள் நினைவு காலத்தை எப்படிச் சேர்த்து வைக்கிறது என்பதற்கோ இது நல்ல சான்று.

சுந்தராம்பாளின் வாழ்வையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். 1908இல் பிறந்த அவர், 1933இல் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பாவை இழந்தபோது அவருக்கு வயது 25தான். அன்று முதல் வெள்ளைச் சேலையும் திருநீறுமே அவர் கோலம். எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில், நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். ஔவையாக நடித்தபோது வயது 45கூட நிறையவில்லை. 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மறுபடியும் ஔவையாக வந்தார். ஒப்பனையால் வந்த முதுமையை, வயதும் மெல்ல நெருங்கிக்கொண்டிருந்தது.

முதுமை ஔவைக்கு எதைக் கொடுத்தது? தனியே ஊர் ஊராக நடக்கவும், அரசனிடம் அஞ்சாமல் பேசவும் உரிமை கொடுத்தது. ஊராரின் கண் இளம்பெண்ணைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். பாட்டியை வணங்கி வழிவிடும். இளமை போனது, புலமையும் குரலும் போகவில்லை. ஆகவே உடல் மாறினாலும் ‘தான்’ மாறவில்லை என்பதே படத்தின் செய்தி. ஆனால் இன்னொரு கேள்வியும் எழுகிறது. சுதந்திரமாக நடக்க ஒரு பெண் தன் இளமையையே விலையாகத் தர வேண்டுமா? கதை அதற்கு விடை சொல்லவில்லை. விடை சொல்ல வேண்டியது சமுதாயம்.

முதலாம் உலகத் தமிழ் மாநாடு 1966இல் நம் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாம் மாநாடு 1968இல் சென்னையில் நடந்தபோது, மெரினா கடற்கரையில் ஔவைக்குச் சிலை எழுந்தது. அதுவும் மூதாட்டியின் சிலைதான்.

இன்று ஜொகூர் பாருவில் எத்தனையோ தாய்மார்கள் விடியுமுன் எழுந்து, பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுப்பவர் வீட்டிலிருக்கும் பாட்டி. அவரும் ஒரு காலத்தில் இளம்பெண்ணாக இருந்தவர். அவருக்கும் அன்று ஆசைகள் இருந்தன. அவை என்னவென்று ஒரு மாலைப் பொழுதில் அவரிடம் கேட்டுப் பாருங்கள், நேயர்களே.