ஏழு என்றால் எந்தப் பெட்டி ஏழு?

சூப்பர்சார்ஜர் பூட்டிய எஞ்சினின் சத்தம் எங்கள் கரைக்கு முதலில் வானத்திலிருந்துதான் வந்தது. 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானியர் குண்டு போட்டு மூழ்கடித்த காலை. உம்மம்மா அப்போது சின்னப் பிள்ளை. வானம் இரைந்த கதையை மௌத்தாகும் வரைக்கும் சொன்னா. குண்டு போட்ட விமானங்கள், சீனன்குடாவிலிருந்து அன்று எழும்பிய ஹரிக்கேன்கள், பிந்தி வந்து சேர்ந்த புல்மார்கள் எல்லாவற்றிலும் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் இருந்தது. ஹரிக்கேனிலும் புல்மாரிலும் ரோல்ஸ் ரோய்ஸ் மெர்லின் எஞ்சின்: 12 சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டாக 24 பிளக். அந்த நாளைப் பற்றி எழுதுகிறவர்கள் கப்பலை எழுதுவார்கள். மோட்டார் சாமான் கடைக்காரரின் மகனான எனக்கு அந்த 24தான் கண்ணில் நிற்கிறது.

காற்றை அமுக்கித் தள்ளும் எஞ்சினில் பிளக்குக்கு இரண்டு கஷ்டம். அமுக்கம் கூடக்கூடப் பொறி பாய்வதற்கு அதிக வோல்ட் வேண்டும். 1889இல் பாஷன் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் இதைக் கணக்காக எழுதினார்: தேவைப்படும் வோல்ட், வாயுவின் அமுக்கத்தையும் முனைகளின் இடைவெளியையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. ஆகவே அமுக்கத்தைக் கூட்டுகிறவன் இடைவெளியைக் குறைக்க வேண்டும். இரண்டாவது, சூடு. பிளக்கின் மூக்கு ஏறக்குறைய 450 பாகை செல்சியசுக்குக் கீழே கிடந்தால் கரி படியும். 800ஐத் தாண்டினால் பொறி வருமுன்பே எரிபொருள் தானாகப் பற்றும், பிஸ்டன் ஓட்டையாகும். சூட்டைச் சீக்கிரம் சிலிண்டர் தலைக்கு இறக்கிவிடும் குட்டை மூக்குப் பிளக்கைத்தான் குளிர்ப் பிளக் என்கிறோம். நீண்ட பீங்கான் மூக்கு உள்ளது சூட்டுப் பிளக்.

எங்கள் கரை கற்ற பாடம் இதற்கு நேர் எதிர். பைபர் போட்டும் வெளியிணைப்பு எஞ்சினும் வந்த பிறகு கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் எங்கும் மீன்பிடி மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதோடு டூ ஸ்ட்ரோக் எண்ணெயும் கலந்திருக்கும். வலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓடும் எஞ்சினில் பிளக் கறுத்து ஈரமாகிவிடும். ஆகவே இங்கே தேவைப்பட்டது சூட்டுப் பிளக். தன் கரியைத் தானே எரித்துக்கொள்ள அதற்குத்தான் முடியும்.

வாப்பாவின் கடையில் பிளக் விற்பது பாதி வியாபாரம், பாதி விசாரணை. ஒருவர் வந்து, "காக்கா, ஏழு ஒண்டு தாங்க" என்பார். "எந்தப் பெட்டி ஏழு?" என்று வாப்பா கேட்பார். கேள்வி வீண் இல்லை. நகோயாவில் 1936இல் தொடங்கிய என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி. சாம்பியனில் எண் கூடினால் சூடு. போஷ் பழைய பெட்டியில் 175ஐ விட 225 குளிர், புதிய பெட்டியில் 7ஐ விட 5 குளிர். மூன்று கம்பனி உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். வராததால் எத்தனையோ பேர் நடுக்கடலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றார்கள்.

இடைவெளி பார்க்க வாப்பாவிடம் பீலர் கேஜ் இருந்தது, ஆனால் கையில் எடுப்பது உடைந்த ஹெக்சோ பிளேட் துண்டு. பல் உள்ள பக்கம் விரிந்திருக்கும், அது உதவாது. முதுகுப் பக்கம் ஏறக்குறைய 0.63 மில்லிமீற்றர். முனைகளுக்கிடையே அதை நுழைத்து, வளைந்த முனையைக் கட்டையில் மெல்லத் தட்டி, பிளேட்டை இழுத்துப் பார்ப்பார். லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். "விழக்கூடாது, சிக்கவும் கூடாது மனே."

அந்தக் கரிக்காலம் ஒவ்வொன்றாகக் கழிந்தது. 2002இல் ஈயப் பெற்றோல் போனது. 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த எங்கள் அம்பாறை மாவட்டத்தில், மணலிலிருந்து எடுத்த எஞ்சின்களைக் கழுவிக் கிளப்பியவர்களும் உண்டு. 2008இல் டூ ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதி நின்றது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியபோது பல போட் கரையேறிக் கிடந்தன. கடைக்கு வந்தவர்கள் பிளக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இப்போது கேட்பவர்கள் வேறு. நிந்தவூரில் ஒரு தம்பி, கட்டாரில் உழைத்த காசில், டொயோட்டாவின் 4ஏ-ஜிஇசட்ஈ எஞ்சினைப் பழைய கொரொல்லாவில் ஏற்றியிருக்கிறான். 1587 சிசி, தொழிற்சாலையே சூப்பர்சார்ஜர் பூட்டி விட்டது. அதுவும் போதாதென்று கப்பியைச் சின்னதாக்கி இன்னும் வேகமாகச் சுற்ற வைத்திருக்கிறான். முழுசாக மிதித்தால் மிஸ் அடிக்கிறது என்று வந்தான். பொறி பலமாக வேண்டும் என்று இடைவெளியை 1.1 வரை விரித்திருந்தான். சாதாரண ஜப்பான் காருக்கு அது சரி. அவனுடைய அமுக்கத்தில் பொறி பாயாமல் அணைந்துபோகிறது. குதிரைவலு 75 முதல் 100 வரை கூடினால் ஒரு எண் குளிராகப் போகலாம் என்பது பொதுக் கணக்கு. அவனுடையது அவ்வளவு கூடியிராது, ஆனாலும் எங்கள் வெயிலை நினைத்து என்ஜிகேயில் 6ஐ எடுத்துவிட்டு 7 கொடுத்தேன். இடைவெளி 0.7.

இரிடியம் பிளக் என்பதால் ஹெக்சோ பிளேட்டை அலுமாரியிலேயே வைத்தேன். நடுமுனை 0.6 மில்லிமீற்றர் கம்பி. அதன்மேல் எதையாவது நெம்பினால் நுனி உடைந்துவிடும். வளைந்த முனையை மட்டும் குறட்டால் பிடித்து, நடுமுனையைத் தொடாமல் மடக்க வேண்டும்.

ஒரு நாள் ஓட்டிவிட்டுக் கழற்றி வந்தான். மிஸ் அடிப்பது நின்றிருந்தது. பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், வெள்ளையில் ஊசிமுனையளவு மினுக்கம். அது பிஸ்டனின் அலுமினியம். பிளக்கால் தீரும் வருத்தம் இல்லை. 92 ஒக்டேன் பெற்றோல் அடிக்கிறானா 95ஆ என்று கேட்டேன். 92 என்றான்.