நிறபேதம்: சிங்கப்பூர்த் தமிழரிடையே

ஒரே இனத்துக்குள்ளும், ஒரே குடும்பத்துக்குள்ளும்கூட, வெளுத்த மேனியை உயர்வாகவும் கறுத்த மேனியைத் தாழ்வாகவும் மதிக்கும் வழக்கம் நிறபேதம் எனப்படும். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வேரோடியிருந்த இவ்வழக்கத்தை 1980களின் தொடக்கத்தில் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் தனிப் பெயரிட்டு விவாதத்துக்குக் கொண்டுவந்தார்.

தமிழரிடையே இது ஆதியிலிருந்தே நிலைபெற்றிருந்தது என்று கொள்வதற்கில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவியின் சௌந்தரியமாகப் போற்றப்படுவது மாந்தளிர் போன்ற மாமை நிறம். அம்மேனி வெளிறிப் பசலை பாய்வதோ பிரிவாற்றாமையின் நோய்க்குறி. பிற்காலத்தில் வெயிலில் உழைப்பவனின் கருமை தாழ்வுக்கும், நிழலில் இருப்பவனின் வெளுப்பு செல்வத்துக்கும் அடையாளமாகி, ஆங்கில ஆட்சியில் அவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றது. கைதிகளாகவும் கூலிகளாகவும் சிங்கப்பூர் வந்து சாலை போட்டும் மூட்டை சுமந்தும் வாழ்ந்த தமிழரோடு அதுவும் கப்பலேறி வந்தது.

1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் சாதிப்பற்றையும் மூடப்பழக்கங்களையும் கண்டித்துச் செய்த தொண்டு மகத்தானது, ஆயினும் சாதி கேட்பதை விட்டுவிட்ட வீடுகளிலும், "பெண் நல்ல நிறமா?" என்ற கேள்வி விவாகப் பேச்சில் நிலைத்துவிட்டது. பிள்ளை சிவப்பாகப் பிறக்கவேண்டுமென்று கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ கரைத்த பால் கொடுப்பதும், குழந்தை பார்க்க வரும் உறவினர் அதன் காதுமடலைத் திருப்பிப் பார்த்து, வளர்ந்தபின் என்ன நிறம் தங்கும் என்று கணித்துச் சொல்வதும் பிரியத்தோடு நடப்பவை. ஆதலால்தான் அவற்றின் கொடுமை எளிதில் புலப்படுவதில்லை.

1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் வெளுப்புக் கிரீம், வெளுத்த நிறத்தின் மீதான இந்த ஆசையைக் கைக்கெட்டும் விலைக்கு விற்றது. திரையில் வெண்ணிற நாயகியரே நிறைந்திருந்தது அதற்குத் துணையாயிற்று.

2019 ஜூலையில், மின்வழிப் பணப்பரிமாற்ற விளம்பரமொன்றில் சீன நடிகர் ஒருவர் மேனியில் கருமை பூசி இந்தியராக வேடமிட்டபோது சிங்கப்பூர் இந்தியர் கொண்ட கோபம் முற்றிலும் நியாயமானது. விளம்பரம் நீக்கப்பட்டது, மன்னிப்பும் கேட்கப்பட்டது. தங்கையோடு ஒப்பிட்டு அக்காளை ஒதுக்கும் பெண்பார்க்கும் கூடத்திலும் அக்கோபம் எழுந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

2020இல், அமெரிக்காவில் எழுந்த கறுப்பின உரிமைக் கிளர்ச்சியை ஒட்டி, 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம் 'க்ளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறிற்று. பெயரற்ற வெளுப்புக் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதைச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது; பாதரசம் தோல்வழியே உடலிற் சேர்ந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.