பெரியவர்களுக்கு வரும் கக்குவான் இருமல்

கக்குவான் இருமல், போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் மூச்சுப்பாதைத் தொற்று. 1906-இல் ஜூல் போர்டே, ஒக்தாவ் ஜாங்கு இருவரும் இக்கிருமியைப் பிரித்தெடுத்தனர். சீனர்கள் இந்நோயை நூறு நாள் இருமல் என்பார்கள்.

குழந்தைகளின் நோய் என்ற எண்ணத்தாலேயே பெரியவர்களிடம் இது கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. சிறுவயதுத் தடுப்பூசியின் காப்பு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். ஒருமுறை நோய் வந்து தேறியவருக்கும் ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு கிடையாது. முதல் ஒன்றிரண்டு வாரம் சாதாரணச் சளிதான். பிறகு இருமல் அடுக்கடுக்காக வரும்: மூச்சை உள்ளே இழுக்க இடைவெளியே இராது, முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, வாந்தியில் முடியும். குழந்தைகளிடம் கேட்கும் கூவல் ஒலி பெரியவர்களிடம் பெரும்பாலும் இருக்காது.

கெடுதலில் பெரும்பகுதி இருமலின் வேகத்தால் நேர்வது. நெஞ்சிலும் வயிற்றிலும் ஏறும் அழுத்தத்தால் விலா எலும்பு முறியலாம், குடலிறக்கம் வரலாம், கண் வெள்ளையில் இரத்தம் கட்டலாம், இருமிக்கொண்டே மயங்கி விழலாம். கனடாவின் கியூபெக்கில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், இந்நோய் கண்ட பெரியவர்களில் 4 விழுக்காட்டினருக்கு விலா முறிந்திருந்தது. 50 வயதைக் கடந்த பெண்களில் 34 விழுக்காட்டினருக்குச் சிறுநீர் கசிந்தது. வெட்கத்தால் மறைக்கப்படும் இந்தத் தொல்லையை மருத்துவர்தான் கேட்டறிய வேண்டும். வயது ஏற ஏற நிமோனியாவும் கூடுகிறது. மூளையில் இரத்தக் கசிவு, கழுத்துத் தமனிக் கிழிசல், வலிப்பு ஆகியவை அரிது. நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

சிங்கப்பூரில் முதியோர் நிறைந்த சைனாடவுன் வட்டாரத்தில் இந்நோய்க்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வாரக்கணக்கில் இருமும் முதியவருக்கு முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்வது சரியே. மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. கக்குவான் இருமலைக் கண்டறிய மூக்கின் பின்புறத்திலிருந்து சளி எடுத்துச் செய்யும் பிசிஆர் சோதனை முதல் மூன்று, நான்கு வாரங்களில்தான் நன்கு பலிக்கும். அசித்ரோமைசின் போன்ற மருந்து பரவலைத் தடுக்கும். தாமதமாகத் தொடங்கினால் இருமலின் காலத்தைக் குறைக்காது.

சிங்கப்பூரின் தேசியப் பெரியவர் தடுப்பூசி அட்டவணை, ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் 16 முதல் 32 வாரத்துக்குள் கக்குவான் இருமலையும் தடுக்கும் டிடிஏபி ஊசி போடப் பரிந்துரைக்கிறது. குழந்தைக்கு முதல் ஊசி இரண்டாம் மாதத்தில்தான். அதுவரை தாயிடமிருந்து வரும் எதிர்ப்பொருளே காப்பு. பச்சிளங்குழந்தையைத் தூக்கி வளர்க்கும் தாத்தா பாட்டியும் இந்த ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்பது அவசியம்.