விறகுக் கணக்கு சொன்ன உண்மை

கல்வி என்பது உத்தியோகம் பெறுவதற்குரிய ஏணி மட்டுமே என்னும் எண்ணம் நம் இளைஞரிடையே வேரூன்றி வருகிறது. உத்தியோகம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும், எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் அறிந்த மனிதர் ஒருவர், கையில் ஆயுதம் ஏதுமின்றி, அரசாங்க ஏடுகளைக் கொண்டே அதிகாரத்தின் குற்றத்தை மெய்ப்பித்த வரலாறு நம் நாட்டில் உண்டு. அவர் பஞ்சாபைச் சேர்ந்த ஜஸ்வந்த் சிங் கால்ரா. அவருடைய வரலாற்றை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எடுத்துரைப்பது தக்கதென நாம் கருதுகிறோம்.

இருண்ட ஆண்டுகள்

1984 முதல் பத்தாண்டுக் காலம் பஞ்சாப் இரத்தத்தில் மூழ்கிக் கிடந்தது. தீவிரவாதிகளின் துப்பாக்கிக்குப் பொதுமக்களும் காவலரும் பலியாயினர். அவர்களை அடக்கும் பொருட்டுக் காவல்துறைக்கு அளவிறந்த அதிகாரம் அளிக்கப்பட்டது. ஊர்தோறும் இளைஞர் பலர் வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் அழைத்துச் செல்லப்பட்டனர்; திரும்பவில்லை. காவல் நிலையத்தில் கேட்ட பெற்றோருக்கு, “அப்படி எவரையும் நாங்கள் பிடிக்கவில்லை” என்பதே விடையாக வந்தது. பிடித்தவரே பிடிக்கவில்லை என மறுப்பதைத்தான் சட்ட அறிஞர் “வலிந்து காணாமலாக்குதல்” என்பர். சிறைப்பட்டவனுக்கு வழக்குண்டு, இறந்தவனுக்குச் சடங்குண்டு, காணாமலாக்கப்பட்டவனின் குடும்பத்திற்கோ இரண்டும் இல்லை.

சுடுகாட்டு ஏடுகள்

கால்ரா 1952இல் பிறந்தவர். அவருடைய பாட்டனார் வெள்ளையராட்சியை எதிர்த்த கதர் இயக்கத்தில் ஈடுபட்டவர். கால்ரா அமிர்தசரஸில் ஒரு வங்கியின் இயக்குநராக இருந்தார். அகாலி தளத்தின் மனித உரிமைப் பிரிவிலும் பொறுப்பேற்றிருந்தார். காணாமற்போன நண்பர்களைத் தேடிச் சென்றபோது, காவல்துறை கொண்டுவந்த பிணங்கள் சுடுகாட்டில் எரிக்கப்பட்ட செய்தி அவருக்குத் தெரியவந்தது.

பிணத்தை எரிக்க விறகு வேண்டும். விறகு வாங்கினால் பணம் கொடுக்க வேண்டும். பணம் கொடுத்தால் கணக்கு எழுத வேண்டும். குற்றத்தை மறைத்தவர்கள் இந்தச் சிறு கணக்கை மறந்துவிட்டனர்! அமிர்தசரஸின் துர்கியானா மந்திர் சுடுகாடு, பட்டி, தரன் தாரன் ஆகிய மூன்றிடங்களின் ஏடுகளைக் கால்ராவும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்தனர். “உரிமை கோருவார் இல்லாத பிணம்” என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருந்தது. உரிமை கோரத் தாயும் தந்தையும் மனைவியும் காவல் நிலைய வாயிலில் காத்து நின்ற காலத்திலேயே அவ்வாறு எழுதப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1995 சனவரியில் இவ்வுண்மைகளை அவர் பத்திரிகைகளுக்கு வெளியிட்டார். உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, பாதிக்கப்பட்டவர் அல்லாதார் தொடுத்தது என்னும் காரணத்தால் தள்ளுபடியாயிற்று. கால்ரா சோர்ந்துவிடவில்லை. கனடாவுக்குச் சென்று அங்குள்ளோரிடம் இதனை எடுத்துரைத்தார். உயிருக்கு ஆபத்து உண்டென்று அறிந்தும் தாயகம் திரும்பினார்.

காட்டியவரே மறைக்கப்பட்டார்

1995 செப்டம்பர் 6ஆம் நாள் காலை, அமிர்தசரஸ் கபீர் பார்க் பகுதியில், தம் வீட்டின் முன்னே காரைக் கழுவிக்கொண்டிருந்த கால்ராவைக் காவலர் கடத்திச் சென்றனர். காணாமற்போனவர்களைத் தேடியவரே காணாமலாக்கப்பட்டார். காவல்துறை வழக்கம்போல் மறுத்தது.

அவர் மனைவி பரம்ஜித் கவுர் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். 1995 நவம்பர் 15இல் உச்ச நீதிமன்றம், கால்ராவின் கடத்தலையும் அவர் வெளிப்படுத்திய எரியூட்டல்களையும் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டுமென ஆணையிட்டது. விசாரணையின் முடிவு நாட்டை அதிரச் செய்தது. அம்மூன்று சுடுகாடுகளில் மட்டும் 2,097 பிணங்கள் சட்டத்துக்குப் புறம்பாக எரிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 585 முழுமையாக அடையாளம் காணப்பட்டவை. 274 ஓரளவு அடையாளம் காணப்பட்டவை. 1,238 அடையாளமே காணப்படாதவை. விறகுக் கணக்கு பொய் சொல்லவில்லை.

கடத்தல் வழக்கு பத்தாண்டு நீடித்தது. காவலில் வைத்துக் கொல்லப்பட்ட கால்ராவின் உடல் ஹரிகே என்னுமிடத்தில் கால்வாயில் வீசப்பட்டது என்று சாட்சியம் வெளிவந்தது. உடல் கிடைக்கவே இல்லை. ஆயினும் 2005 நவம்பரில் பாட்டியாலா நீதிமன்றம் காவல்துறையினர் ஆறு பேரைத் தண்டித்தது. 2007இல் உயர் நீதிமன்றம் ஒருவரை விடுவித்து, நால்வரின் ஏழாண்டுத் தண்டனையை ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. பிணம் கிடைக்கவில்லை என்பதனாலேயே கொலை நடக்கவில்லை என்றாகிவிடாது என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

நீதி முழுமையாகக் கிடைத்ததா? இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் பல குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கச் செய்தது. ஆனால் தன் ஆய்வை அம்மூன்று சுடுகாடுகளுக்கு அப்பால் அது விரிக்கவில்லை. காணாமலாக்குதலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 2007இல் கையொப்பமிட்டது. அதனை ஏற்று உறுதிசெய்யும் கடமை எஞ்சி நிற்கிறது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

சுடலைப் பணி சாதியின் பெயரால் நம் முன்னோர் தலைமேல் சுமத்தப்பட்டது. பிணத்தை எரித்த கை நம்முடையது. ஏட்டை எழுதிய கை பிறருடையது. அந்த ஏட்டைப் படிக்கும் ஆற்றல் நமக்கு வர வேண்டும் என்பதற்காகவே நம் சங்கத்தைத் தோற்றுவித்த பெரியோர் பாடுபட்டனர்.

அடிப்படை உரிமைகளுக்காக உச்ச நீதிமன்றத்தை அணுக வழிசெய்யும் 32ஆம் பிரிவை அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என அண்ணல் அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் போற்றினார். பரம்ஜித் கவுர் தட்டியது அவ்வாயிற்கதவையே. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று 22ஆம் பிரிவு கூறுகிறது. கைது பற்றிய குறிப்பு எழுதிச் சாட்சியின் கையொப்பம் பெற வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. நம் தெருவில் ஒருவர் அழைத்துச் செல்லப்பட்டால், அழைத்துச் சென்றவர் யார், எந்த நிலையம், எந்த நேரம் என்பவற்றை உடனே எழுதி வைக்க ஒருவரேனும் முன்வர வேண்டும்.

இளைஞர்களே! ஏடுகளைப் படியுங்கள், கண்டதைத் தேதியிட்டு எழுதுங்கள், எழுதியதைக் காத்து வையுங்கள். ஒரு மனிதனின் பெயரை ஏட்டிலிருந்து எவரும் அழித்துவிட நாம் இடம் தரலாகாது.