மேசைக்கணினியின் இரைச்சல் அடங்கிய வரலாறு

மேசைக்கணினியின் இரைச்சலுக்கு வேர் வெப்பம். புராசசரும் மற்ற சில்லுகளும் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிவிடும். அதை வெளியேற்ற விசிறி வேண்டும். விசிறி சுழன்றால் ஓசை எழும். ஹார்ட் டிஸ்கின் சுழற்சியும் அதிர்வும் இதோடு சேர்ந்துகொள்ளும். வீட்டுக் கணினியை அமைதிப்படுத்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் முயற்சிகளில், வெப்பத்தையும் அதிர்வையும் பிறக்கும் இடத்திலேயே குறைத்தவைதான் நிலைத்தன. பிறந்துவிட்ட ஓசையைப் பெட்டிக்குள் அடைக்கும் வழிகள் துணையாக மட்டுமே உதவின.

தொடக்கத்தில் விசிறி இல்லாமலே காலம் தள்ள முடிந்தது. 1977-இல் வந்த ஆப்பிள் II கணினிக்கு ராட் ஹோல்ட் ஸ்விட்சிங் வகை மின்வழங்கியை வடிவமைத்தார். பழைய லீனியர் வகையைப்போல் அது மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கவில்லை. எனவே துளைகளின் வழியே தானாக நடக்கும் காற்றோட்டமே போதுமானதாயிற்று. 1980-இல் வந்த ஆப்பிள் III-இலும் விசிறி வைக்கப்படவில்லை. வெப்பத்தைக் கடத்தும் பொறுப்பு அலுமினிய உடலிடம் விடப்பட்டது. முதலில் விற்பனையான எந்திரங்களில் பல பழுதாகித் திரும்பி வந்தன. வடிவமைப்பைத் திருத்த வேண்டியதாயிற்று. 1984-இன் மெக்கின்டாஷும் விசிறியின்றியே வந்தது. ஹார்ட் டிஸ்குக்கும் விரிவாக்க அட்டைக்கும் இடம் கொடுத்த மெக்கின்டாஷ் எஸ்இ 1987-இல் வந்தபோது, அதற்குள் விசிறியும் புகுந்தது.

1981-இல் வெளியான ஐபிஎம் பிசி வேறு வழியில் சென்றது. அதன் 63.5 வாட் மின்வழங்கிக்குள் ஒரு விசிறி இருந்தது. 4.77 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய 8088 புராசசருக்கோ வெப்பத்தைப் பரப்பும் ஹீட் சிங்க்கூடத் தேவைப்படவில்லை. 1983-இன் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்கையும் கொண்டுவர, விசிறியின் இரைச்சலோடு தட்டுகள் சுழலும் ரீங்காரமும் வீட்டுக்குள் வந்தது. அப்போதும் பெட்டிக்குள் இருந்தது ஒரே விசிறிதான்.

1993-இல் வந்த பென்டியம் நிலைமையை மாற்றியது. 5 வோல்ட்டில் இயங்கிய முதல் பென்டியம் சில்லுகளுக்கு வெறும் ஹீட் சிங்க் போதவில்லை. அதன்மேல் சிறு விசிறி ஏறியது. பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கும், மதர்போர்டின் சில்லுகளுக்கும், கேபினெட்டின் முன்னும் பின்னும் எனத் தனித்தனி விசிறிகள் பெருகின. பெரும்பாலானவை சிறியவை. சிறிய விசிறி போதிய காற்றைத் தள்ள வேண்டுமானால் மிக வேகமாகச் சுழல வேண்டும். சிக்கலின் மையம் அதுவே.

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஆனால் ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் இறங்கினாலே ஒலி பாதியானதுபோல் காதுக்குத் தோன்றும். 120 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பு 80 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பைப்போல் இரண்டேகால் மடங்கு. ஆகவே பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தரும். கணினியை அமைதிப்படுத்தும் கலை முழுவதும் இந்தக் கணக்கின்மேல்தான் எழுந்தது.

இரைச்சல் உச்சத்தைத் தொட்டது 2002 முதல் 2004 வரையிலான காலத்தில். 2002-இன் பவர் மேக் ஜி4 எழுப்பிய ஓசை பயனர்களைச் சலிப்படையச் செய்ததால், அடுத்த ஆண்டு ஆப்பிள் மாற்று விசிறியும் மின்வழங்கியும் கொடுத்தது. 2003-இல் வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா கார்டின் விசிறி அதன் இரைச்சலுக்காகவே பேர்போனது. 2004-இல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4 சில்லுகள் சில 100 வாட்டைத் தாண்டின.

வீட்டுப் பயனர்கள் தாங்களே தீர்வு தேடியதும் இக்காலத்தில்தான். விசிறியின் ஒரு கம்பியை 12 வோல்ட்டிலும் மறு கம்பியை 5 வோல்ட்டிலும் இணைத்தால் அதற்குக் கிடைப்பது 7 வோல்ட். வேகமும் ஓசையும் இறங்கின. ஹார்ட் டிஸ்கை எலாஸ்டிக் நாடாவில் தொங்கவிட்டார்கள். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் 120 ஹெர்ட்ஸில் அதிரும். அந்த அதிர்வு கேபினெட்டின் தகட்டை எட்டாவிட்டால் ரீங்காரம் அடங்கும். காற்றை மறித்துச் சீறவைத்த தகர வலைகளை வெட்டி நீக்கினார்கள். உள்சுவரில் நுரைத்தாள் ஒட்டியவர்களும் உண்டு. ஆனால் அது காற்றுவழியை அடைத்தபோது உள்ளே வெப்பம் ஏறி, விசிறிகள் முன்பைவிட வேகமாகச் சுழன்றன.

வீட்டில் செய்து பார்த்தவற்றைப் பின்னர் தொழிற்சாலைகள் ஏற்றன. 2003-இல் வந்த ஆன்டெக் சொனாட்டா கேபினெட்டில் 120 மில்லிமீட்டர் விசிறியும், டிஸ்கைத் தாங்கும் ரப்பர் வளையங்களும் இருந்தன. கொரியாவின் ஸால்மன் விரிந்த இதழ்களைப்போன்ற ஹீட் சிங்குகளைச் செய்தது. 2005-இல் ஆஸ்திரியாவில் தொடங்கிய நாக்டுவா, மெதுவாகச் சுழலும் விசிறிகளையே தன் தொழிலாக்கியது. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் உருவாக்கிக் காட்டிய வெப்பக் குழாய் இப்போது புராசசர் கூலர்களுக்குள் வந்தது. குழாயின் ஒரு முனையில் திரவம் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து திரும்புவதால், சிறு சில்லின் வெப்பம் அகலமான தகடுகளுக்குப் பரவியது.

வெப்பத்தின் மூலமான சில்லுகளிலும் மின்வழங்கிகளிலும் மாற்றம் நிகழ்ந்தது. ஏஎம்டி 2003-இன் அத்லான் 64 சில்லுகளில், வேலை இல்லாதபோது வேகத்தையும் வோல்ட்டேஜையும் தானே குறைக்கும் வசதியைத் தந்தது. இன்டெல் 2004-இல், வெப்பம் மிகுந்த டெஜாஸ் என்ற சில்லுத் திட்டத்தைக் கைவிட்டது. 2006-இல் அது வெளியிட்ட கோர் 2 டுவோ 65 வாட் வரம்புக்குள் கூடுதல் திறன் காட்டியது. 2004-இலேயே தொடங்கியிருந்த 80 பிளஸ் சான்று, மின்வழங்கிகள் வீணாக்கும் மின்சாரத்துக்கு வரம்பு கட்டியது. நான்கு ஊசி இணைப்பு கொண்ட விசிறிகள் வெப்பநிலைக்கேற்ப வேகத்தை மாற்றின.

ஹார்ட் டிஸ்கில், குண்டு பேரிங்குகள் போய் எண்ணெய்ப் படலத்தில் சுழலும் பேரிங்குகள் வந்தன. 2001-இன் சீகேட் பாரகுடா ஏடிஏ IV இதற்குப் பேர்பெற்றது. 2008-இல் இன்டெல் எக்ஸ்25-எம் போன்ற எஸ்எஸ்டிகள் வந்தபோது சுழலும் தட்டே இல்லாமல் போயிற்று. இன்று பல கிராபிக்ஸ் கார்டுகள் குறைந்த வேலையின்போது விசிறியை முற்றிலும் நிறுத்திவிடுகின்றன. நாக்டுவா 2021-இல் வெளியிட்ட என்எச்-பி1 கூலருக்கு விசிறியே கிடையாது.

இன்று வீட்டில் கணினியை அமைதிப்படுத்த விரும்புபவருக்கும், முதலில் மூலத்தில் குறைப்பது, பிறகு ஓசையை அடைப்பது என்ற இதே வரிசை பொருந்தும். முதலில் ஹீட் சிங்கிலும் வடிகட்டியிலும் படிந்த தூசியை நீக்க வேண்டும். பிறகு புராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பித்து, பயாஸில் விசிறி வேகத்தைச் சரிசெய்து, சிறிய விசிறிக்குப் பதில் பெரியதைப் பொருத்தி, சுழலும் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டியை வைக்கலாம். நுரைத்தாளும் கனத்த பலகைகளும் இவற்றுக்குப் பின்னரே பயன் தரும்.