அட்டைப்பெட்டி குப்பை லாரியும் சில பழைய பயங்களும்

போன வருஷம் அக்டோபர் கடைசியில் நியூஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்தேன். போய் இறங்கின அன்னிக்கே அக்கா பையன் (வயசு அஞ்சு) என்னைப் பிடித்துக்கொண்டான். "மாமா, ஹாலோவீனுக்கு நான் குப்பை லாரி!"

ஸ்பைடர்மேன் தெரியும், பேட்மேன் தெரியும். குப்பை லாரிக்கு எங்கே போவது? ரெண்டு மூணு கடை ஏறி இறங்கினோம். ம்ஹூம். "பேசாம ஒரு டைனோசர் டிரெஸ் வாங்கிடலாம்டா, அழுதா அழட்டும்" என்றாள் அக்கா. என் வாய் சும்மா இருக்குமா? "நாமளே பண்ணிடலாம்க்கா" என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்று ராத்திரி ஊரிலிருந்து அம்மா போன். விஷயத்தைக் கேட்டதும், "குழந்தைய வேஷம் கட்டி வீடு வீடா போய் கேக்க வைக்கிறீங்களா? இது என்ன பழக்கம்?" என்று ஒரு பிடி பிடித்தாள். அக்காவுக்கோ வேற கவலை. "முன்ன பின்ன தெரியாதவங்க குடுக்கறத எப்படிடா நம்பித் திங்க விடறது? ஆப்பிள்ல பிளேடு வெச்சுக் குடுப்பாங்கன்னு எல்லாம் சொல்றாங்களே."

ரெண்டு பேருக்கும் என்னிடம் பதில் இல்லை. பையன் தூங்கினதும் ஒரு பக்கம் பெட்டியில் பெயிண்ட் காய, இன்னொரு பக்கம் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: ஹாலோவீன் வேஷத்தின் சரித்திரம் குழந்தைகளின் சரித்திரம் இல்லை, பெரியவர்களுடைய பயத்தின் சரித்திரம். காலத்துக்குக் காலம் பயம் மாறியிருக்கிறது. அதற்கேற்ற மாதிரி பிள்ளைகள் மேலே ஏறுகிற வேஷமும் மாறியிருக்கிறது.

முதல் பயம், எதிர்பார்த்த மாதிரியே, பேய்தான். அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் அக்டோபர் கடைசி நாள் என்பது அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கிற எல்லை. 'சவ்வின்' என்று பெயர். அந்த ராத்திரி ஆவிகளும் மாய உருவங்களும் வெளியே உலாவும் என்று நம்பிக்கை. அடுத்த நாள், நவம்பர் 1, கிறிஸ்தவர்களுக்குப் புனிதர்கள் எல்லோருக்குமான திருநாள். அதற்கு முந்தின மாலை என்கிற அர்த்தத்தில்தான் 'ஹாலோவீன்' என்ற பெயரே வந்தது.

ஸ்காட்லாந்தில் இந்த நாளில் வேஷம் போடுகிற வழக்கத்துக்கு 16ஆம் நூற்றாண்டிலிருந்தே குறிப்புகள் இருக்கின்றன. பெரிய வேஷமெல்லாம் இல்லை. முகத்தில் கரி, மேலே பழைய துணி. சட்டையைத் திருப்பிப் போட்டாலே வேஷம்தான். அயர்லாந்தில் சில இடங்களில் வைக்கோலைச் சுற்றிக்கொள்வார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு. பூசணிக்காய் எல்லாம் அமெரிக்கா போன பிறகு வந்தது.

இதில் அம்மாவுக்குச் சொல்ல ஒரு பாயிண்ட் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் இதற்கு 'கைஸிங்' என்று பெயர். குழந்தைகள் வந்து சும்மா கை நீட்டக் கூடாது. ஒரு பாட்டோ, கவிதையோ, ஜோக்கோ சொல்லணும். அதற்குக் கூலியாகத்தான் ஆப்பிள், கொட்டைகள், சில்லறை. ஆக, அது பிச்சை இல்லை, கச்சேரி :-)

1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். லட்சக்கணக்கான பேர் கப்பலேறி அமெரிக்கா வந்தார்கள். கூடவே இந்தப் பண்டிகையும் வந்தது. இங்கே வந்ததும் பேய் பயம் போய் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. பசங்களைப் பார்த்துப் பயம்!

19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஹாலோவீன் என்றால் வால்தனம்தான். கேட்டைக் கழற்றிக்கொண்டு போவது, பக்கத்து வீட்டு வண்டியைப் பார்ட் பார்ட்டாகக் கழற்றிக் கொட்டகைக் கூரை மேலே ஏற்றி மறுபடி மாட்டி வைப்பது, தோட்டத்துக் கக்கூஸைக் கவிழ்ப்பது. 1944ல் வெளிவந்த 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' படம் 1903ல் நடக்கிற கதை. அதில் வருகிற ஹாலோவீன் காட்சியைப் பாருங்கள். பிள்ளைகள் பெரியவர்களுடைய பழைய துணியை மாட்டிக்கொண்டு, தெருவில் நெருப்பு மூட்டி, கதவைத் திறக்கிறவர் முகத்தில் மாவை அடித்துவிட்டு ஓடி வருவார்கள். மிட்டாய் கேட்கிற பேச்சே கிடையாது.

ஊர்ப் பெரியவர்களுக்குத் தாங்கவில்லை. மின்னசோட்டா மாநிலத்தில் அனோக்கா என்று ஒரு ஊர். 1920ல் அங்கே, பசங்களை விரட்டுவதை விட்டுவிட்டு, வேஷம் போட வைத்து ஊர்வலம் நடத்தினார்கள். (இன்றைக்கும் அந்த ஊர் தன்னை உலகத்தின் ஹாலோவீன் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிறது.) கை நிறைய வேலையும் போட்டுக்கொள்ள வேஷமும் கொடுத்தால் கூரை ஏற மாட்டான் என்ற கணக்கு.

கணக்கை இன்னும் நன்றாகப் போட்டது மாசசூசெட்ஸில் இருந்த டென்னிசன் என்கிற பேப்பர் கம்பெனி. 1909ல் 'போகி புக்' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். (நம்ம போகி இல்லைங்க. இது பூச்சாண்டி.) 1912லிருந்து 1930களின் நடுப்பகுதி வரை அநேகமாக வருஷா வருஷம் வந்தது. வீட்டிலேயே வேஷம் செய்வது எப்படி, விருந்துக்கு அலங்காரம் எப்படி, என்ன விளையாட்டு என்று படத்தோடு விளக்கம். எல்லாமே கிரேப் பேப்பரில். நம்ம ஊரில் பர்த்டே பார்ட்டிக்குத் தோரணம் கட்டுவோமே, அதே தாள்தான். அதை விற்கிறவர்களும் அவர்களே! 'பாரம்பரியமா வீட்டில் செய்கிற வேஷம்' என்று நாம் உருகுகிற சமாசாரத்தில் பாதி, ஒரு பேப்பர் கம்பெனி சொல்லிக் கொடுத்தது.

இந்தக் காலகட்டத்தை அப்படியே படம் பிடித்த மாதிரி ஒரு நாவல் இருக்கிறது. ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960). கதை நடப்பது 1930களில், அலபாமாவில். ஊர்ப் பசங்கள் ஒரு ஹாலோவீன் ராத்திரி, காது கேட்காத ரெண்டு அக்கா தங்கைகளின் வீட்டுச் சாமான்களை எல்லாம் தூக்கி அடித்தளத்தில் ஒளித்து வைத்துவிடுகிறார்கள். அடுத்த வருஷம், அந்த வம்பே வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் நாடகம் ஏற்பாடு. சின்னப்பெண் ஸ்கவுட்டுக்குப் பன்றித்தொடை வேஷம்! கோழிக்கூண்டுக் கம்பிவலையை வளைத்து மேலே பழுப்புத் துணி. திரும்பி வரும் வழியில் கத்தியோடு ஒருவன் தாக்கும்போது அந்தக் கம்பிவலைதான் அவளைக் காப்பாற்றும். படிக்கும்போது சும்மா தாண்டிப் போன இடம். இப்போது பெட்டியும் கத்திரிக்கோலுமாக உட்கார்ந்திருக்கும்போது வேறு மாதிரி உறைத்தது.

ஆனால் நிஜத்தில் வேஷமே ஆபத்தான கதையும் உண்டு. கிரேப் பேப்பரும் மெழுகுவர்த்தியும் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும்? 1940களில் இன்னும் மோசம். கௌபாய் மோகம் உச்சத்தில் இருந்த நேரம். குழந்தைகளுக்கென்று கடையில் விற்ற கௌபாய் உடைகளில் ரோமம் மாதிரி தெரிவதற்காக ரேயான் இழை வைத்துத் தைத்திருந்தார்கள். ஒரு பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். குழந்தைகள் கருகினார்கள், சிலர் இறந்தே போனார்கள். வழக்குகள் நடந்தன. கடைசியில் 1953ல் தீப்பற்றும் துணிகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. இன்றைக்குக் கடையில் வாங்கும் வேஷத்தில் நெருப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கைச் சீட்டு இருக்கிறதே, அதைக் கிழித்துப் போடும்போது எத்தனை பேருக்கு அந்தக் குழந்தைகள் ஞாபகம் வரும்?

இரண்டாம் உலகப்போரில் 1942லிருந்து 1947 வரை சர்க்கரைக்கு ரேஷன். அது முடிந்ததும் புறநகர் வீடுகளும் குழந்தைகளும் பெருகி, வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவது நாடு முழுக்கப் பரவியது. இத்தனை குழந்தைக்கு யார் உட்கார்ந்து தைப்பது? நியூயார்க்கில் 1937ல் தொடங்கிய பென் கூப்பர் மாதிரிக் கம்பெனிகள் கொடி கட்டிப் பறந்தன. மெல்லிசு பிளாஸ்டிக் முகமூடி, பின்னால் ஒரு எலாஸ்டிக், மேலே போட ஒரு அங்கி. சில டாலர்தான். பல அங்கிகளில் நெஞ்சில் அந்தக் கதாபாத்திரத்தின் படமும் பெயரும் அச்சடித்திருக்கும். தன் படத்தைத் தானே குத்திக்கொண்டு எந்த சூப்பர் ஹீரோ ஊரைச் சுற்றுவான் என்று கேட்கக் கூடாது :-)

இனி அக்காவின் பயத்துக்கு வருகிறேன். 1974 ஹாலோவீன். டெக்ஸாஸில் எட்டு வயசுப் பையன் ஒருவன் மிட்டாய்த் தூளைச் சாப்பிட்டு இறந்துபோனான். சயனைடு. நாடே நடுங்கியது. விசாரித்தால், கொடுத்தது முகம் தெரியாத யாரோ இல்லை. பெற்ற தகப்பன். இன்சூரன்ஸ் பணத்துக்காக. ரொனால்ட் ஓ'பிரையன் என்ற அந்த ஆளுக்கு 1984ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நடுவில் 1982ல் சிகாகோ பக்கம் டைலினால் மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். அது நடந்தது ஹாலோவீனுக்குச் சில வாரங்கள் முன்னால். அந்த வருஷம் பல ஊர்களில் குழந்தைகளை வெளியே அனுப்பவே பயந்தார்கள்.

ஜோயல் பெஸ்ட் என்கிற சமூகவியல் ஆய்வாளர் 1985ல் சகா ஒருவரோடு சேர்ந்து, 1958லிருந்து பத்திரிகைகளில் வந்த இப்படிப்பட்ட செய்திகளை எல்லாம் அலசி ஒரு கட்டுரை வெளியிட்டார். வீடு தேடி வந்த குழந்தைக்கு அந்நியர் யாரோ மிட்டாயில் எதையோ வைத்துக் கொன்றதாகவோ பெரிய காயம் உண்டாக்கியதாகவோ நிரூபணமான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பல செய்திகள் குழந்தைகளே செய்த விளையாட்டு.

அப்போ பயப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கு. கார்! 1975லிருந்து 2016 வரையான அமெரிக்க விபத்துக் கணக்கை வைத்து 2018ல் ஒரு ஆய்வு வந்தது. ஹாலோவீன் மாலையில் நடந்துபோகிறவர்கள் வண்டி மோதி இறக்கிற அபாயம், முன்பின் வாரங்களின் அதே கிழமை மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம். சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் ரொம்ப அதிகம். இல்லாத பிளேடைத் தேடி மிட்டாயைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டில் கறுப்பு அங்கி போட்டு, முகமூடி ஓட்டை வழியாகப் பாதி ரோடு மட்டும் தெரிகிற குழந்தையை யாரும் கவனிக்கவில்லை.

இதைப் படித்துக் காட்டினதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து வந்து பெட்டியைப் பார்த்து, "இது முட்டிக்குக் கீழ வரைக்கும் இருக்கு, தடுக்கி விழுவான், வெட்டு" என்றாள். அதிலிருந்து அவள்தான் சீஃப் என்ஜினியர். முகமூடி வேண்டாம், தலையில் மஞ்சள் தொப்பி போதும் என்றாள். பேப்பர் தட்டில் சக்கரம். தோளில் மாட்ட அவளுடைய பழைய துப்பட்டா. நாலு பக்கமும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற டேப். பின்பக்கம் பேட்டரியில் எரிகிற ரெண்டு சிவப்பு விளக்கு. லாரியின் பின்கதவு மட்டும் என் ஐடியா: தூக்கினால் திறக்கும், உள்ளே ஒரு துணிப்பை.

31ஆம் தேதி சாயங்காலம். முதல் வீட்டுக் கதவு திறந்தது. நம்ம ஆள் வாயைத் திறக்கவில்லை. மெதுவாகத் திரும்பி நின்றான். "பீப்... பீப்... பீப்..." என்று ரிவர்ஸில் போய் அந்தப் பாட்டி கால்கிட்ட நிறுத்தினான். பாட்டி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பின்கதவைத் தூக்கி மிட்டாயைக் கொட்டினார்கள். "பீப்" நின்றது, லாரி கிளம்பியது. ஒவ்வொரு வீட்டிலும் இதேதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூணாவது தெருவில் துப்பட்டா அவிழ்ந்து லாரி பிரேக் டவுன் ஆனபோதும் முடிச்சுப் போட்டுத் தொடர்ந்தான்.

ராத்திரி அம்மாவுக்கு வீடியோ அனுப்பினோம். கொஞ்ச நேரம் கழித்து பதில் வந்தது. "அதான் இவன் உழைச்சுதானே வாங்கியிருக்கான். பின்னாடி அந்த விளக்கு சூடு ஆகாதில்ல?"

அம்மாவுக்கு அடுத்த பயம் ரெடி. உங்க வீட்டு வாண்டு இந்த வருஷம் என்ன வேஷம்? வந்து சொல்லிட்டுப் போங்க.