சிஸ்எம்எல்

சிஸ்எம்எல் என்பது முறைமைப் பொறியியலில் பயன்படும் ஒரு வரைபட மாதிரியாக்க மொழி ஆகும். விமானம், செயற்கைக்கோள் போன்ற சிக்கலான முறைமைகளின் தேவைகள், அமைப்பு, நடத்தை ஆகியவற்றை விவரிக்க இது உதவுகின்றது. மென்பொருள் துறையின் யூஎம்எல் மொழியிலிருந்து உருவான இதன் 1.0 பதிப்பை ஓஎம்ஜி அமைப்பு 2007 இல் வெளியிட்டது.

வரைபடங்கள்

1.0 பதிப்பில் 9 வகை வரைபடங்கள் உள்ளன. இவற்றுள் தேவை வரைபடமும், நிறை, மின்திறன் போன்ற அளவுகளுக்கு இடையேயான சமன்பாடுகளைக் காட்டும் அளபுரு வரைபடமும் புதியனவாகச் சேர்க்கப்பட்டவை.

மாதிரியும் வரைபடமும்

மாதிரியும் வரைபடமும் ஒன்றல்ல. மென்பொருள் கருவி ஒவ்வொரு கூறையும் மாதிரிக் களஞ்சியத்தில் ஒருமுறை மட்டுமே சேமிக்கின்றது. வரைபடம் அதன் ஒரு தோற்றம் மட்டுமே. எடுத்துக்காட்டாக, செயற்கைக்கோளின் மின்கலம் பல வரைபடங்களில் இடம்பெறலாம். அதன் பெயரை ஓரிடத்தில் மாற்றினால் அனைத்திலும் மாறும். ஒரு வரைபடத்திலிருந்து மட்டும் அகற்றினால் அது மாதிரியில் தொடர்ந்து இருக்கும். மாதிரியிலிருந்தே நீக்கினால் எல்லா வரைபடங்களிலிருந்தும் மறையும். எனவே, ஒரு வரைபடத்தில் காணப்படாத கூறு முறைமையிலும் இல்லை எனக் கொள்ளலாகாது. தனித்தனியே வரையப்படும் படங்களுக்கு இடையே தோன்றும் முரண்பாடுகள் இம்முறையால் குறைகின்றன.

இரண்டாம் பதிப்பு

2025 இல் ஏற்கப்பட்ட 2.0 பதிப்பில், மாதிரியை வரைபடமாக மட்டுமன்றி எழுத்து வடிவிலும் அமைக்கலாம்.